ரேஞ்சர் ஆபீஸ் வாசலில் ஒரு சுமைதாங்கி

காட்டிலாகா கட்டடத்தைப் பார்ப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஞாயிறு என்றால் எனக்கு மாட்டுங்காவில் இரண்டாவது காபி, மத்தியானத் தூக்கம். அவ்வளவுதான்.

ஆனால் கொஞ்ச நாள் முன்பு போனேன். செம்பூர் ஞானமுத்து கூப்பிட்டார்.

ஞானமுத்து என் பழைய நண்பர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், சர்க்காரில் கட்டட இன்ஜினீயர். பம்பாய்க்கு வந்து இத்தனை வருஷமாகியும் பேச்சு மட்டும் தாமிரபரணிக் கரையிலேயே இருக்கிறது. "சும்மா வீட்ல கிடந்து என்ன செய்யப் போறிய? காத்தாட வாங்க சார்" என்றார்.

விஷயம் இதுதான். தாணாவுக்கு அப்பால், காட்டுக்குள், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்கள் இரண்டு. ஒன்று பங்களா, மற்றது ரேஞ்சர் ஆபீஸ். எதற்குச் சரித்திர முக்கியத்துவம் அதிகம் என்று ஞானமுத்து பார்த்து எழுத வேண்டும். ஒன்று இருக்கும், மற்றதை இடித்துவிடுவார்கள். எது என்பதை அவருடைய பெரிய அதிகாரி ஏற்கெனவே வாய்மொழியாகச் சொல்லிவிட்டாராம் — பங்களாவை வைத்துக்கொள், ஆபீஸை இடி. பிறகு எதற்கய்யா இன்ஸ்பெக்ஷன்?

ரயில், பஸ், அப்புறம் ஒரு லொடலொட ஜீப்.

பங்களா கம்பீரமாகத்தான் இருந்தது. உயரமான கூரை, வண்ணக் கண்ணாடி ஜன்னல். குளிர் காய அடுப்பு வேறு — இந்த ஊர் வெயிலுக்கு! யாரோ ஒரு கவர்னர் வேட்டைக்கு வந்தபோது ஓர் இரவு தங்கினாராம். எந்தக் கவர்னர்? கூட வந்த ரேஞ்சருக்குத் தெரியவில்லை. எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. ஞானமுத்து சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். மாமியார் வீட்டில் பிடிக்காத கறியைப் பற்றி மாப்பிள்ளை சொல்வாரே, அந்தக் குரல்.

கொஞ்சம் தள்ளி ரேஞ்சர் ஆபீஸ். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்றிருந்தது. தணிந்த ஓட்டுக் கூரை, கருங்கல் அஸ்திவாரம், தேக்குத் தூண்கள். முன்னால் ஆபீஸ். பின்னால் இருக்கும் அறைகளில் ரேஞ்சரும் மனைவியும் கைக்குழந்தையும் குடித்தனம்.

இங்கே ஞானமுத்து வேறு ஆளாகிவிட்டார். கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் பரணில் ஏறினார். தச்சர் வாச்சியால் செதுக்கிய தடத்தைத் தூணில் தடவித் தடவிப் பார்த்தார். பங்களாவின் இரும்பு உத்தரம் கப்பலில் வந்தது. இது அதற்கு ரொம்ப முந்தி, இந்தக் காட்டு மரத்தையே இழைத்துக் கட்டியது என்றார்.

வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பாதையோரம் இரண்டு கல்தூண். குறுக்கே ஒரு கற்பலகை. தோள் உயரம்.

நம் ஊர்ச் சாலைகளில் பார்க்கிற அதே சுமைதாங்கி!

ரேஞ்சரிடம் விசாரித்தோம். மலையிலிருந்து புல்லும் சுள்ளியும் தலையில் சுமந்து வரும் பெண்கள் இங்கே அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டுத்தான் சந்தைக்குப் போக முடியும். சீட்டைப் பார்த்து முடிக்கும்வரை சுமையை அந்தக் கல்லில் சாய்த்துக்கொள்வார்கள் என்றார். ஞானமுத்து உட்கார்ந்து அஸ்திவாரக் கல்லையும் இந்தக் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே கல், ஒரே உளிவேலை. பிற்பாடு யாரோ நட்டதல்ல. கட்டும்போதே யோசித்துச் சேர்த்தது.

"சுமையைத் தடுக்கத்தான் சார் ஆபீஸையே கட்டினான். ஆனா கட்டினவன்ல எவனோ ஒருத்தனுக்கு அந்தப் பொம்பளையளோட கழுத்து வலி தெரிஞ்சிருக்கு" என்றார்.

ரேஞ்சரின் மனைவி டீ கொண்டுவந்தார். சின்ன வயசுப் பெண். ஞானமுத்து இருந்த உற்சாகத்தில் அவரிடமும் இந்தியில் கட்டடத்தைப் புகழ்ந்து தள்ளினார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு எங்களை உள்ளே கூட்டிப்போய், மழைக்கு ஒழுகும் இடங்களைக் காட்டினார். தொட்டிலை எங்கே நகர்த்தினாலும் சொட்டுமாம். சுவரெல்லாம் ஈரம் ஏறி, போன மழையில் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, ஜீப்பில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள்.

"நீங்க சாயங்காலம் பம்பாய்க்குப் போயிடுவீங்க சாஹேப். நாங்க இங்கேதான் இருக்கணும். இடிக்கச் சொல்லுங்க" என்றார்.

ரேஞ்சர் தலையைக் குனிந்துகொண்டார். இடித்தால்தான் புது குவார்ட்டர்ஸ். இருக்கட்டும் என்று எழுதிவிட்டால், ஓடுகளை மாற்றிவிட்டு அதிலேயே கிட என்பார்கள்.

ரயிலில் ஞானமுத்து சொன்னார். "அந்தப் பிள்ளை சொல்லுததும் நியாயம்தானே சார்."

"அப்ப எதை எழுதப் போறீங்க?"

"ரெண்டையும்."

எழுதினார். காப்பாற்ற வேண்டியது ஆபீஸ். அதற்குக் காரணம் இந்த மரம், இந்தக் கல். அதற்குக் கீழேயே — மனுஷர் குடியிருக்க இது லாயக்கில்லை, அடுத்த மழைக்குள் அந்தக் குடும்பத்துக்கு வேறு வீடு கட்ட வேண்டும்.

பெரிய அதிகாரிக்குக் கோபம். திருத்தி எழுதச் சொன்னார். ஞானமுத்துவுக்குப் பிரமோஷன் வரவேண்டிய நேரம் வேறு. காலிபீலி, சும்மா எதற்கு வம்பு என்று அவர் ஆபீஸில் எல்லாரும் புத்தி சொன்னார்கள். நானும்தான் சொன்னேன். மனிதர் யாரோடும் வாதாடவில்லை. ஒருமுறை நேரில் வந்து பாருங்கள், அப்புறம் நீங்கள் சொல்கிறபடி எழுதுகிறேன் என்று மட்டும் அதிகாரியிடம் கேட்டுக்கொண்டார்.

அதிகாரி போனார். புல்கட்டோடு பெண்கள் இறங்கி வருகிற வேளை. முதலில் வந்தவள் கட்டைக் கல்லில் சாய்த்தாள், கழுத்தை நிமிர்த்தினாள், கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். ஞானமுத்து எதையும் விளக்கவில்லையாம். அதிகாரி தானும் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த ஒழுகும் அறையைக் காட்டு என்றாராம்.

போன வாரம் உத்தரவு வந்துவிட்டது. ஆபீஸ் இருக்கும். பின்னால் ரேஞ்சர் குடும்பத்துக்குக் கான்கிரீட் வீடு. பங்களாவும் இருக்கும் — கவர்னர் தூங்கிய இடத்தை இடிக்க அதிகாரிக்கு மனசு வரவில்லை. பிரமோஷன்? அதைப் பற்றி இன்னும் பேச்சு மூச்சு இல்லை.

பழைய கட்டடம் என்றால் நம்மிடம் இரண்டே கட்சி. கும்பிடுகிற கட்சி, இடிக்கிற கட்சி. கும்பிட்டுவிட்டு, 'உள்ளே ஒழுகுகிறதா அம்மா?' என்று கேட்கிற மூன்றாவது கட்சிக்கு எனக்குத் தெரிந்து ஒரே ஓர் உறுப்பினர்தான். செம்பூரில் இருக்கிறார்.

நான் மனுப் போட்டிருக்கிறேன்.