எக்ஸ்பிரஸுக்கு ஒரு வயிற்று வார்

என் பெரியப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் செடி வளர்ப்பார்கள், பேப்பரை விளம்பரம் விடாமல் படிப்பார்கள், அடுத்தவர் வழக்கில் மூக்கை நுழைப்பார்கள். இவர் குதிரை வாங்கினார். அதுவும் வயசான குதிரை. வேலை மாறிப் போன ஒருவர் நைசாக இவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. அதன் நடையைப் பார்த்துவிட்டு எக்ஸ்பிரஸ் என்று நான்தான் பெயர் வைத்தேன். பெரியப்பாவுக்குக் கிண்டல் உறைக்கவில்லை. "நல்ல பேருடா" என்று முதுகில் தட்டினார்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் ஷெட் லாயமானது. காலையில் எழுந்ததும் எக்ஸ்பிரஸை ஒரு சுற்று வந்து, நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்து, கடிவாளத்தை இழுத்துப் பார்ப்பார். வண்டி எடுப்பதற்கு முன் டயரை உதைத்துப் பார்க்கும் பழக்கத்தில் ஒரு நாள் உதைக்கக் காலை ஓங்கிவிட்டார். குதிரை திரும்பி ஒரு பார்வை பார்த்தது. அத்தோடு அந்தச் சோதனையை விட்டுவிட்டார்.

சனி பிடித்தது வயிற்று வாரில். சேணம் நழுவாமல் குதிரையின் வயிற்றைச் சுற்றி இறுக்குகிற பட்டை அது. போனில் பார்த்து மலிவாக ஒன்று வாங்கியிருந்தார். படத்தில் தோல், கையில் வந்தது தோல் மாதிரி ஏதோ, நடுவில் ரப்பர். தெருமுனை திரும்பும்போது அது பட்டென்று அறுந்தது. பெரியப்பா தோள்பட்டை தரையில் இடிக்க விழுந்தார். அவருடைய மகள், எனக்கு அக்கா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். கட்டுப் போட்டபடியே சொன்னாள்:

"இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா குதிரைய வித்துருவேன். சும்மா பேச்சுக்குச் சொல்லலப்பா."

"சரி" என்றார் பெரியப்பா. அவர் சரி என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. கண்டக்டர் விசில் கொடுக்காமல் வண்டியை ஓர் அடி நகர்த்தாத மனுஷன்.

தோள் சரியானதும் நல்ல வாருக்கு அலைந்தோம். பெரிய கடை ஒன்றில் வெளிநாட்டுச் சரக்கு இருந்தது. விலையைக் கேட்டதும் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல மெதுவாக அதைத் திரும்ப வைத்தார். இன்னொரு கடையில் கொடுத்ததை மடக்கிப் பார்த்தார், மடித்த இடத்தில் வெடிப்பு ஓடியது. கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் பை, பெல்ட் எல்லாம் கையால் தைக்கிற ஓர் அம்மாவின் பட்டறைக்குப் போனோம். ஒரே அறை. சுவரெல்லாம் தோல் சுருள், மேஜையில் மெழுகு தேய்த்த நூல். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்மா ரெண்டு ஊசி?" என்றார் பெரியப்பா.

"ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் விடாது சார். மெஷின் தையல்னா கடகடன்னு பிரிஞ்சுரும்."

பெரியப்பா ஒரு துண்டுத் தோலை நகத்தால் கீறினார், முறுக்கினார், முகர்ந்தார், கதவுக் கொக்கியில் மாட்டித் தொங்கியே பார்த்தார். கதவுதான் முனகியது.

"பூ வேலை, பாலிஷ் எல்லாம் போட்டா அழகா இருக்கும். ஆனா அதுக்குத் தனியா ஆகும்."

"வேண்டாம்மா. எங்க குதிரை கண்ணாடி பாக்குறதில்ல."

அந்த அம்மா சிரித்துவிட்டு, கட்டுப்படியாகிற விலையே சொன்னார். அளவு கொண்டுவரச் சொன்னார். இழுத்துப் பிடிக்க நாலைந்து ஓட்டை போட்டுத் தருகிறேன் என்றதற்கு மட்டும் பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டை கூடினால் வார் வலு இழக்கும் என்பது அவர் கட்சி. "அளவு கரெக்டா இருந்தா எதுக்கு ஓட்டை? ஒண்ணே போதும்."

அளவும் கரெக்டாகத்தான் எடுத்தார். எக்ஸ்பிரஸை அசையாமல் நிறுத்தி, டேப்பை வயிற்றைச் சுற்றிப் பிடித்து, சந்தேகம் வரக்கூடாதென்று மறுபடி மறுபடி அளந்தார். எத்தனை தடவை அளந்தாலும் அதே அளவு. பெரியப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வார் வந்தது. தடிமனான பழுப்புத் தோல், பித்தளைக் கொக்கி, ஒரே ஓட்டை. மாட்டினால் தைத்துப் போட்டது மாதிரி கனகச்சிதம். அக்கா பின்வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெரியப்பா ஏறினார். எக்ஸ்பிரஸ் புல்வெளியில் கொஞ்ச தூரம் நடந்தது, நின்றது, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. சேணம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. அதோடு பெரியப்பாவும் சாய்ந்தார். கடைசியில் புல்லில் மல்லாந்து கிடந்தார்.

அக்கா ஓடினாள், நானும் ஓடினேன். பெரியப்பா குதிரையின் வயிற்றைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். தலையில் அடிபட்டுவிட்டதோ என்று அவர் பின்னந்தலையைத் தடவிப் பார்த்தேன்.

"திருட்டுப் பய! அளக்கும்போதெல்லாம் மூச்சப் புடிச்சு வயித்த உப்ப வெச்சிருக்கான்டா! ரப்பர் வாருல இது தெரியல. இப்பப் பாரு, காத்து எறங்கிருச்சு!"

வார் அறுபடவில்லை. ஒரு நூல்கூட இளகவில்லை. வயிற்றுக்கும் அதற்கும் நடுவில் என் கையே போகிற அளவுக்கு இடைவெளி.

சிரிப்பு அடங்கியதும் எழுந்தார். புல்லைத் தட்டிவிட்டார். வாரைக் கழற்றி, சேணத்தை இறக்கி ஓரமாக வைத்தார். கடிவாளத்தைப் பிடித்து அக்காவிடம் நீட்டினார்.

"வித்துரும்மா. நல்ல எடமா பாத்துக் குடு. வயசானவன்."

"வார் அறுந்து விழுந்தாதான்னு சொன்னேன்பா."

"விழுந்தான்னுதான் சொன்ன. விழுந்துட்டேன்."

முகத்தை மட்டும் எங்கள் பக்கம் திருப்பவில்லை. போகட்டும் விடு என்று இந்த மனுஷன் தனக்காக ஒரு தடவை சொல்லிக்கொள்ளக் கூடாதா என்று எனக்குக் கோபம் வந்தது.

அக்கா கடிவாளத்தை வாங்கவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் வேலையை விட்டதிலிருந்து அவர் இப்படி வாய்விட்டுச் சிரித்து நாங்கள் யாருமே கேட்டதில்லை. அது அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"யாரு விழுந்தா?" என்றாள். "நீங்க எறங்குனீங்கப்பா. நான் பாத்தேன்."

பெரியப்பா திரும்பினார். ஒரு தம்ளர் பாலில் தண்ணீர் கலந்தால்கூட வேலைக்காரியை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீயும் பாத்தல்ல?"

"பார்த்தேன்" என்றேன். "மெதுவாதான் எறங்குனாரு."