மணி கட்டிய கை

என் கணவர் அருங்காட்சியகத்துக்குப் போனால், மறுநாள் சோதனை எழுதப் போகிறவர்போல எல்லாக் குறிப்புகளையும் வாசிப்பார். போன மாரியில் ஒடென்சேயிலிருந்து கொப்பன்ஹேகனுக்கு ரயிலில் போயிருந்தோம். எகிப்து அறையில் கால் உளைகிறதென்று நான் வாங்கில் குந்திவிட்டேன்.

"இஞ்ச வந்து பாரும். சின்னப் பிள்ளையின்ர கையில கிடந்ததாம்."

கண்ணாடிக்குள் ஒரு சரம் நீல மணிகள். ஒரு குழந்தையின் புதைகுழியில் கண்டெடுத்தவை. ஃபயன்ஸ் என்று எழுதியிருந்தது. வெள்ளைக் கல்லைப் பொடியாக்கிக் குழைத்துச் சுட்டது என்று இவர் விளக்கினார். திரும்பவும் பிறக்கவேண்டும் என்றுதான் அந்த நீலமாம். எத்தனையோ ஆயிரம் வருடமாகியும் நிறம் மங்கவில்லை. அந்தக் குழந்தையின் தாய்மேல் எனக்குப் பொறாமை வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பொறாமைதான்.

எங்கள் மூத்தவள் பிறந்ததிலிருந்து ஆஸ்பத்திரியைவிட்டு வெளியே வரவில்லை. முப்பத்தோராம் நாள், நாவூறு படக்கூடாதென்று அங்கேயே அவள் கையில் கறுப்பு மணி கட்டினேன். அடுத்த கிழமை போய்விட்டாள். எங்கள் சனம் பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதுதான். வெள்ளைச் சட்டை போட்டுவிட்ட தாதி, மணியைத் தொட்டு, "இது கையிலேயே இருக்கட்டுமா?" என்று டேனிஷில் கேட்டாள். அப்போது நான் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம்தான். கேள்வி விளங்கியது. தலையை இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டினேன். எங்களுக்கு அது சம்மதம். அவளுக்கு அது வேண்டாம்.

பார்க்க முடியாமல் நான் யன்னல் பக்கம் திரும்பி நின்றேன். பெட்டியை மூடிய பிறகு தாதி என்னைக் கட்டிப்பிடித்து, ஒரு சின்னக் கடித உறையைக் கையில் வைத்தாள். உள்ளே மணிகள். நல்ல பிள்ளை அவள், அவளை என்ன சொல்ல? என்மேல்தான் இன்றைக்கும் ஆத்திரம். பெட்டியைத் திறக்கச் சொல்ல என்னிடம் டேனிஷும் இல்லை, துணிவும் இல்லை. இவர் அப்போது கீழே பத்திரங்களில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார். மணி திரும்பி வந்ததை அன்றைக்கு நான் இவரிடம் சொல்லவில்லை. பிறகு சொல்ல வாய் வரவேயில்லை.

இவர் கண்ணாடியில் விரலை வைத்தபடி நின்றார். மூத்தவளைப் பற்றி நாங்கள் கதைத்தே பல வருடமாகிவிட்டது.

"எங்கட பிள்ளையும் மணியோடதானே போனவள்," என்றார். "நான் அதை நினைச்சுத்தான் மனசை ஆத்திக்கொள்ளுறனான்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஓம்," என்றேன்.