‘ஏலக்காய் இருக்க கிளீனிங் எதுக்கு?’ என்று எழுதியவன்

போன செவ்வாய்க்கிழமை போடியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வழக்கமாகப் போகிற இடம்தான். வழக்கமாக... இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் மானம் போன கதையே அதில்தான் இருக்கிறது.

பெயரைச் சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“அண்ணே! நீங்க வாரா வாரம் எழுதுறவங்கதானே? பேப்பர்ல போட்டோ பாத்திருக்கேன்.”

எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய போதை உண்டா? முதுகு தானாக நிமிர்ந்தது.

அவர் பெயர் பாண்டி. போடிக்குப் பக்கத்தில் சிலமலைக்காரர். நாற்பது வயதிருக்கும். தினமும் விடியும்போது ஊர்ப் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் கூட்டிவருகிறவர்.

“என்ன தம்பி, பல் வலியா?”

“வலியெல்லாம் தாண்டிருச்சுண்ணே. கீழ முன்னாடி ரெண்டு பல்லு ஆடிக்கிட்டுக் கெடக்கு. இன்னைக்குப் புடுங்கப் போறாங்க. பல்லு போனாக் கூடப் பரவால்ல... விசில் வருமான்னுதான் பயமா இருக்கு.”

விசிலா?

காலையில் சிலமலையில் நாலைந்து ஜீப் வந்து நிற்குமாம். ஹாரன் எல்லா ஜீப்பிலும் ஒரே மாதிரிதான். பாண்டி தெருமுனையில் இறங்கி உதட்டை மடித்து ஒரு விசில் விட்டால், ‘நம்ம ஜீப்பு வந்துருச்சு’ என்று அவருடைய ஆட்கள் தூக்குவாளியோடு வெளியே வந்துவிடுவார்களாம்.

“உங்க எழுத்துன்னா எனக்கு உசுருண்ணே. ரெண்டு வருசத்துக்கு முந்தி பல்லு கிளீனிங்கப் பத்தி எழுதுனீங்கள்ல, அத வெட்டி ஜீப்புக்குள்ள கண்ணாடிக்கு மேல ஒட்டியிருக்கேன்.”

நிமிர்ந்த முதுகு கொஞ்சம் வளைந்தது.

எழுதினேன். ‘ஏலக்காய் இருக்க கிளீனிங் எதுக்கு?’ என்று தலைப்பே வைத்தேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். சட்டைப்பையில் எப்போதும் நாலு ஏலக்காய் கிடக்கும். வாய் நாறுகிறதா? ஒன்றைக் கடைவாயில் அடக்கு. பல் தேய்த்தால் ரத்தமா? இன்னொன்றை அடக்கு. வாசனை வந்தால் வியாதி போயிற்று! இந்தப் பெருமையோடு, பல்லைச் சுரண்டினால் பல் ஆடும், டாக்டர்களுக்கு வேறு சோலி இல்லை என்று நக்கலும் சேர்த்து எழுதினேன். பாராட்டிக் கடிதங்கள் வந்தன. அதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு?

பாண்டி பேசிக்கொண்டே போனார். “அப்பவே எங்க ஊர்ல பல்லு கேம்ப் போட்டாங்கண்ணே. ஈறுல ரத்தம் வருது, வந்து கிளீன் பண்ணிக்கங்கன்னு இந்த டாக்டரம்மாதான் சொன்னாங்க. நான் விடுவனா? பல்லு ஆடும், பேப்பர்லயே போட்ருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆமா... நீங்க எதுக்குண்ணே வந்தீங்க?”

“சும்மா... லேசா ஒரு கூச்சம்.”

பொய். பச்சைப் பொய். சொல்லி வாயை மூடவில்லை, கவுன்டரில் இருந்த பெண் கூப்பிட்டார்.

“சார், கிளீனிங்குக்கு வாங்க! ஆறு மாசத்துக்கு ஒருதடவை டான்னு வந்துருவீங்க, இந்தத் தடவை லேட்டு!”

பாண்டி என்னையே பார்த்தார்.

“நீங்க கிளீன் பண்ணிக்குவீங்களாண்ணே?”

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் தேவலை என்று இருந்திருக்கும். நான் உள்ளே போனேன். ஓடினேன் என்பதுதான் சரி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்தி வந்த சில மாதங்களில் ஒரு கொய்யாவைக் கடித்தேன். வெள்ளைக் கொய்யா சிவந்துவிட்டது. பயந்துபோய் இங்கே வந்து கிளீன் பண்ணிக்கொண்டேன். அன்றிலிருந்து தவறாமல் வருகிறேன். என் பல்லெல்லாம் பத்திரமாக இருக்கிறது. ‘நான் எழுதியது தப்பு’ என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கௌரவம்!

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தேன். டாக்டரம்மா வேலை செய்துகொண்டே பேசினார்.

“வெளிய இருக்காரே ஜீப் டிரைவர், அவருக்குப் பல்லுல அழுக்கு காரையாப் படிஞ்சு, கல்லு மாதிரிக் கட்டி ஈறுக்கு உள்ள இறங்கிருச்சு சார். அடியில எலும்பே கரைஞ்சுபோச்சு. அதெல்லாம் பிரஷ்ஷுக்குப் போகாது, நாங்கதான் எடுக்கணும். எடுத்தா பல்லு ஆடும்ங்கறாங்க. ஆட வைக்கிறதே அந்தக் காரைதான்! அப்பவே வந்திருந்தா அந்த ரெண்டு பல்லயும் காப்பாத்தியிருக்கலாம். யாரோ பேப்பர்ல எழுதினாங்களாம்...”

யாரோ.

என் வாயில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடாவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன். அவ்வளவு வெட்கம். வெளியே வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. பாண்டியைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். காத்திருந்து பார்த்திருக்க வேண்டும். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை விடியும்போது சிலமலைக்குப் போனேன். தெருமுனையில் ஜீப் நின்றது. பாண்டி இறங்கி நின்று உதட்டை மடித்தார்.

காற்றுதான் வந்தது.

இன்னொரு தடவை ஊதினார். அதே காற்று. ஜீப்புக்குள் கைவிட்டு ஹாரனை அடித்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

“வாங்கண்ணே” என்றார், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு.

“மன்னிச்சிரு பாண்டி. நான் பண்ணதுதான் இது.”

“நானும் யோசிச்சிருக்கணும்ண்ணே... சரி, நேரமாச்சு. வெரசா ஆளக் கூப்புடணும்.”

வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட ஆரம்பித்தார். நானும் எதிர்வரிசையில் தட்டினேன். “யாருப்பா நீ?” என்று ஒரு அக்கா கேட்டார். என்னவென்று சொல்வேன்? “பாண்டி ஜீப்பு வந்துருச்சுக்கா” என்றேன்.

எல்லோரும் ஏறிய பிறகு ஜீப்புக்குள் பார்த்தேன். கண்ணாடிக்கு மேலே, மஞ்சளாகிப்போன காகிதத்தில், என் சிரித்த போட்டோவோடு அந்தப் பத்தி அப்படியே இருந்தது.

“அதைக் கிழிச்சுப் போட்டுரு பாண்டி.”

“எதுக்குண்ணே? பக்கத்துல எடம் இருக்கு. நீங்க செய்யுறத எழுதுங்க, அதையும் ஒட்டிக்கிறேன்.”

எழுதிவிட்டேன் பாண்டி. பக்கத்தில் வேண்டாம்... பழையதின் மேலேயே ஒட்டு.