ரெம்மர் கண்டெடுத்த கோடரி

நவம்பர் மழை ஓய்ந்த மறுநாள் ஹோல்ட்வேர் ஊர்க்காரர்கள் ஜன்னலைத் திறந்தால், உழுத வயலில் தலை நிமிராமல் ஓர் உருவம் நடப்பது தெரியும். மாவட்டத் தொல்லியல் அதிகாரி ஃபோல்கர்ட் வியார்ட்ஸ்தான் அது. மழை மண்ணைக் கழுவிவிட்டால் பானை ஓடும் சிக்கிமுக்கிக் கல்லும் தானாகப் பல்லைக் காட்டும் என்பது அவர் கணக்கு. ஊர் அவருக்கு வைத்த பெயர் ஓட்டாஞ்சில்லு டாக்டர். அது அவருக்கும் தெரியும். சொல்லப்போனால், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவருடைய அருங்காட்சியகம் பழைய பால் சொசைட்டிக் கட்டடத்தில் இருந்தது. கோடையில் உள்ளே இன்னமும் புளித்த மோர் வாசனை அடிக்கும். விவசாயிகள் கலப்பையில் மாட்டியதையெல்லாம் உருளைக்கிழங்குச் சாக்கில் அள்ளிவந்து அவர் மேசைமேல் கொட்டுவார்கள்.

"டாக்டரே, இது ராஜா காலத்துச் சாமானா, இல்ல எங்க தாத்தா குதிரையோட லாடமா?"

பெரும்பாலும் லாடம்தான்.

உருப்படியான பொருளாக இருந்துவிட்டால் வியார்ட்ஸ் ஒரு காரியம் செய்வார். பொருளின் பின்பக்கம் மெல்லிய பேனாவால் கறுப்பு மையில் பதிவு எண்ணை எழுதுவார். அதன் கீழே கண்டெடுத்தவரின் பெயரையும் எழுதி, மேலே வார்னிஷ் தடவிவிடுவார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் அட்டையிலும் அதே பெயர் இருக்கும். எண் மட்டும் எழுதினால் போதும் என்பது விதி. மாநிலத் தலைநகரான ஹன்னோவரிலிருந்து வந்த மேலதிகாரிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "கல்லு தானா நடந்து வரலை சார். ஒருத்தர் குனிஞ்சு எடுத்திருக்காரு," என்பார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஊரே அங்கே திரளும். வெண்கலக் காலத்தைப் பார்க்கவா வந்தார்கள்? அவரவர் பெயரைப் பார்க்க வந்தார்கள். பேரனைத் தூக்கிக் காட்டி, "பாரு, நம்ம பேரு," என்பார்கள். அந்த ஞாயிறுகளை நினைத்தால் வியார்ட்ஸுக்கு இப்போதும் மனம் இனிக்கும்.

டால்கெ உப்பன் வந்தது அவர் வேலையில் சேர்ந்த புதிதில். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் மாடு வைத்துப் பிழைத்தவள். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லை. துவாலையைப் பிரித்து ஒரு கற்கோடரியை மேசைமேல் வைத்தாள்.

"எங்க அண்ணன் ரெம்மர், அடுப்புக்குக் கரிமண் வெட்டறப்ப எடுத்தது. அம்மா இதை முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய் மேல பாரமா வெச்சிருந்தாங்க. போன மாசம் அம்மா போய்ட்டாங்க."

"அண்ணன்?"

"பதினேழு வயசுல சண்டைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கிழக்குல எங்கேயோ. ஆளும் வரலை, சேதியும் வரலை. சண்டையில செத்தவங்க பேரை ஊர் நினைவுத் தூண்ல வெட்ட வந்தப்ப அம்மா துடைப்பத்தை எடுத்துட்டாங்க. என் பிள்ளை செத்தான்னு எவன் சொன்னதுன்னு. அதனால அதுலயும் அவன் பேரு இல்ல." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "நீங்க பேரு போடுவீங்களாமே."

போட்டார். அன்றிலிருந்து வருடா வருடம் மார்ச்சில், ரெம்மரின் பிறந்தநாளன்று, டால்கெ வருவாள். அந்தப் பெட்டிமுன் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு அவர் அறைக்கு வந்து உட்காருவாள். கோப்பையில் கற்கண்டு சடசடக்கத் தேநீர் ஊற்றுவார், மேலே பாலாடை விடுவார். ஊர் வழக்கப்படி மூன்று கோப்பை. ரெம்மரைப் பற்றி அவள் பேச மாட்டாள். மாட்டைப் பற்றித்தான் பேசுவாள். கோப்பைக்குள் கரண்டியைப் போட்டால், ‘இனி வேண்டாம்’ என்று அர்த்தம். மூன்றாவது முடியாமல் அவள் அதைப் போட்டதே இல்லை.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய குளிர்காலத்தில் அரசு பணம் கொடுத்து அருங்காட்சியகத்தைப் புதுப்பித்தது. பொறுப்பாக வந்த கரோலா லிண்ட்னர் கெட்ட பெண் அல்ல. ஆனால் அட்டைகளைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

"பொருள்தான் சார் பேசணும். இத்தனை பேரு எதுக்கு? கடைத்தெரு மாதிரி இருக்கு."

வியார்ட்ஸ் மன்றாடிப் பார்த்தார், கத்தியும் பார்த்தார். வீட்டுக்குப் போகப்போகிற கிழவரின் பேச்சு யார் காதில் ஏறும்? அட்டைகள் போயின. கோடரி மட்டும் தனிப் பீடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கொளியில், வழவழப்பான முகம் மேலே தெரியப் படுத்திருந்தது.

திறப்பு விழாவுக்கு டால்கெ வந்தாள். பீடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ரெம்மர் எங்கே?"

வியார்ட்ஸ் அவளை அறைக்குக் கூட்டிப்போய்த் தேநீர் ஊற்றினார். ஒரு கோப்பை குடித்தாள். கரண்டியை உள்ளே போட்டாள். எழுந்து போய்விட்டாள்.

வியார்ட்ஸுக்கு வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது.

அருங்காட்சியகத்துக்கு விடுமுறையான திங்கட்கிழமை அவர் பெட்டியைத் திறந்து கோடரியைப் புரட்டி வைத்தார். பின்பக்கம் மங்கல். மண்வெட்டி பட்ட வடு வேறு. அதன் பக்கத்தில், வார்னிஷுக்கு அடியில், அவர் எழுதிய மை அப்படியே இருந்தது: ரெம்மர் உப்பன்.

"சார், தலைகீழா வெச்சிட்டீங்க," என்றாள் பின்னால் வந்து நின்ற கரோலா. "அழகான பக்கம் அடியில போயிடுச்சே."

"தெரியும்மா."

"அப்போ மத்ததையும் திருப்பப் போறீங்களா?"

"மத்ததை எடுத்தவங்களுக்குக் கல்லறைத் தோட்டத்துல ஒரு கல்லு இருக்கு. இல்லேன்னா நாளைக்கு வரும். இவனுக்கு இது ஒண்ணுதான்."

கரோலா குனிந்து எழுத்தைப் படித்தாள். முக்காலியில் ஏறி, விளக்கை மை தெரியும்படி சாய்த்துவிட்டாள்.

கோடரியைத் திருப்பி வைத்திருப்பதாக வியார்ட்ஸ் பால் வண்டிக்காரரிடம் டால்கெவுக்குச் சொல்லி அனுப்பினார். பதில் வரவில்லை. மார்ச்சில் அந்த நாளன்று தேநீரைப் போட்டுவிட்டு, வாசல் கதவின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆறியது. மறுபடி போட்டார்.

கதவு திறந்தது. காலடி பீடத்தின் அருகே நின்றது. வெகுநேரம் கழித்து டால்கெ அறைக்குள் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"பீப்பாய் மேலயும் இந்தப் பக்கந்தான் மேல இருக்கும்," என்றாள். "அம்மா போறப்ப வர்றப்ப அந்த வடுவைத் தடவுவாங்க."

பிறகு மாட்டைப் பற்றிப் பேசினாள். ஒரு கன்று சரியாகப் பால் குடிக்கவில்லையாம். மூன்று கோப்பையும் முடிந்தன. அவர் கரண்டியைப் பார்த்தார். அது சாஸரிலேயே இருந்தது. டால்கெ கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள்.

"இன்னொண்ணு ஊத்துங்க டாக்டரே. இன்னைக்கு அவன் பொறந்தநாள்."