ஒரே வேலை செய்யும் இரண்டு என்ஜின்கள்

இறந்துபோன என் மனைவிக்குச் சர்ச்சில் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம், அவளுடைய அண்ணன் தன்னுடைய இரண்டு பழைய கார்களையும் ராமநாதபுரத்தில் இருக்கிற என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஒன்று இத்தாலியில் செய்தது, மற்றது ஜப்பான். இரண்டுமே ஒரு காலத்தில் வேகத்துக்குப் பேர் போனவை.

"மாப்ள, ரெண்டையும் வச்சுச் சமாளிக்க முடியல. தொறந்து பாத்து, எதை வச்சுக்கிறதுன்னு சொல்லுங்க."

காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகும் பட்டறையைத் திறந்தேன். படகு என்ஜின்கள் வந்தன, சரிசெய்தேன். சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

இரண்டு என்ஜின்களின் மேல்மூடிகளையும் கழற்றினேன். இரண்டிலும் தலைமேல் ஜோடி கேம்ஷாஃப்ட், வால்வுகளைத் தட்டித் திறக்கும் தண்டுகள். ஒன்று காற்றை உள்ளே விடும், இன்னொன்று புகையை வெளியே விடும். அதுவரைதான் ஒற்றுமை.

"இத்தாலிக்கு அடிக்கட்டையும் அலுமினியம். வெயிட் கம்மி, ஆனா உப்புக்காத்துல வெள்ளையாப் பூத்துப்போகும்" என்றேன். "கேமைச் சுத்துறது செயின். சிலிண்டருக்கு ரெண்டே வால்வு, பெரிய வால்வு. மெதுவாச் சுத்தும்போதே நல்லா இழுக்கும். ஜப்பானுக்கு அடிக்கட்டை இரும்பு. செயினுக்குப் பதிலா பல்லு வச்ச ரப்பர் பெல்ட். சின்னச் சின்னதா நாலு வால்வு. சுத்து ஏற ஏறத்தான் அதுக்கு மூச்சே வரும்."

மச்சான் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"சரி, உங்களுக்கு எது பிடிக்குது?"

நான் சொன்னது அத்தனையும் சரிதான். பிடிக்கிறதா என்று உள்ளே தேடினால் அங்கே ஒன்றும் இல்லை. "ஜப்பானை வச்சுக்கங்க. பெல்ட் மதுரையிலயே கிடைக்கும்" என்றேன்.

பூட்டி முடித்து, விற்கப்போகிற இத்தாலி வண்டியை ஓட்டிப் பார்க்க மண்டபம் பக்கம் போனோம். அவர் ஓட்டினார். உச்சிப்புளி தாண்டி என்ஜின் நன்றாகச் சுருதி ஏறிய நேரத்தில், சட்டென்று ஓரங்கட்டி நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார். பெரிய உடம்பு குலுங்கியது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

அவர் தோளில் கை வைக்க வேண்டும் என்று தெரிந்தது. வைத்தேன். கைக்கு அவர் சட்டையின் வேர்வைதான் தெரிந்தது.

"செயின் கொஞ்சம் தளந்திருக்கு மச்சான்" என்றேன். "சத்தம் கேக்குது."

"ஆமா" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். "போயி இறுக்கிருவோம்."

இத்தாலி வண்டியை ஒரு கொச்சிக்காரர் வாங்கி ஓட்டிப்போனார். ஜப்பான் வண்டியில் மச்சான் ஞாயிறு பூசை முடிந்து நேராக என்னிடம் வருகிறார். "ஏதோ சத்தம் வருது, பாருங்க" என்று பானெட்டைத் தூக்குகிறார். சத்தம் எதுவும் இருப்பதில்லை. நான் குனிந்து பார்க்கிறேன். பிறகு இருவரும் டீ குடிக்கிறோம்.