எட்டடிக்கு மேல் போகாத அப்பிள் மரம்

பின்வளவில் செரி மரம் வைப்பதா, அப்பிள் மரம் வைப்பதா என்று முடிவெடுக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லக்கூட அவ்வளவு காலம் எடுக்கவில்லை.

சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் இருந்த வருடங்களில் பல்கனிக் கதவின் பிடியை உடுப்புக் கொழுவும் கம்பியால் சுற்றிக் கட்டி வைத்திருந்தவள் நான். மகள் நடக்கத் தொடங்கிய கிழமையே ஏறவும் தொடங்கிவிட்டாள். சோபா, மேசை, ஒருநாள் பிரிட்ஜின் மேல். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரெக்ஸ்டேலில் ஒரு சின்ன வீடு வாங்கி நிலத்துக்கு இறங்கியபோது, இனி இவள் விழுவதற்கு ஓர் இடமும் இல்லை என்று ஆறுதலாக இருந்தேன். மகளுக்கு அப்போது நாலு வயது. அடுத்த கிழமையே கணவர், "பின்னுக்கு ஒரு செரி மரம் வைப்பம்" என்றார்.

நான் நூலகத்துக்குப் போனேன். பழமரம் என்பது இரண்டு மரம். மேலே ஒட்டிய கிளை பழத்தைத் தீர்மானிக்கும், கீழே வேரோடு நிற்கும் ஒட்டுக்கட்டை உயரத்தைத் தீர்மானிக்கும். பள்ளிக்கூடத்தில் மாமரத்தை வைத்து இதைப் படித்து, சோதனையில் படமும் கீறி நல்ல புள்ளி வாங்கியிருக்கிறேன். பிள்ளையின் கைகால் முறியாமல் இருப்பது அதில்தான் தங்கியிருக்கும் என்று அப்போது யார் கண்டது?

எங்கள் பக்கத்து மரக்கன்றுக் கடையில் செரிக்குக் குட்டைக் கட்டை இல்லை. எதில் ஒட்டினாலும் கூரைக்குப் போகும் என்றார் கடைக்காரர். செரி அத்தோடு முடிந்தது. அப்பிளுக்கோ இலக்கம் போட்ட கட்டைகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்துக்கு. கொப்பியில் அட்டவணை போட்டுக்கொண்டு கணவரிடம் போனேன்.

"என்னப்பா, இருபத்தாறாம் இலக்கம் பன்னிரண்டடி போகுமாம். ஒன்பதாம் இலக்கம் எட்டடிதானாம்."

"அப்ப ஒன்பதை வாங்குமன்."

"அது பலமில்லாத வேராம். வாழ்நாள் முழுக்கக் கம்பு நட்டு முண்டு குடுக்கவேணுமாம்."

"நான் உமக்குக் குடுக்கேல்லையே?"

எட்டடி என்றால் மகள் நிலத்தில் நின்றபடியே பழம் பிடுங்கலாம், ஏறுவதற்குக் கொப்பே இராது. ஆனாலும் சந்தேகம் விடவில்லை. கடைக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசி எடுத்தேன். நாலாவது தடவை, நான் வாய் திறக்கும் முன்னரே அந்த மனிதர், "எட்டடி, மேடம். எட்டடிதான்" என்றார்.

மே மாதம் ஒன்பதாம் இலக்கத்தை நட்டோம். அடித்தண்டில் வளைந்து வீங்கியிருந்த ஒட்டிய இடத்தைக் கடைக்காரர் தொட்டுக் காட்டி, இது எப்போதும் மண்ணுக்கு மேலே நாலு விரல் தெரியவேண்டும் என்றிருந்தார். கொப்பியில் எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன். அவரிடம் அத்தனை கேள்வி கேட்ட நான், ஏன் என்று மட்டும் கேட்கவில்லை.

நவம்பரில் முதல் உறைபனி விழுந்தது. சமையலறை யன்னலால் பார்த்தால் அந்த வீக்கம் வெறுங்கழுத்து மாதிரித் தெரிந்தது. மகளைத் தொப்பியும் மவ்ளரும் இல்லாமல் தபால்பெட்டி வரைகூட நான் விடுவதில்லை. ஒரு பை மண்ணை வாங்கிவந்து கழுத்து மறையும்வரை அணைத்துவிட்டு, மேலே அவளுடைய பழைய மவ்ளரையும் சுற்றினேன்.

"கோட் போடேல்லையோ?" என்றார் கணவர்.

குளிர் முடியும்வரைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வசந்தத்தில் மவ்ளரை எடுத்தேன். மண்ணை எடுக்க மனம் வரவில்லை. நல்ல கறுத்த மண். நல்ல மண்ணைச் சும்மா விட எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. கடையில் வாங்கிய புதினாவின் நாலு தண்டை அதில் ஊன்றினேன். காடாக வந்தது. தெருவில் இருந்த தமிழ் வீடுகள் எல்லாம் கட்டுக் கட்டாகக் கேட்டு வாங்கின. பிறகு எப்படிக் கிண்டுவது? ஒவ்வொரு நவம்பரும் இன்னொரு பை மண் போட்டேன்.

நாலாம் வருடம் மரம் வேலியைத் தாண்டியது. ஐந்தாம் வருடம் கூரைப் பீலியைத் தொட்டது. கடைக்காரரைக் கூப்பிட்டு முறையிட்டேன். மனிதர் என் குரலை மறந்திருக்கவில்லை. ஒட்டிய இடம் தெரிகிறதா என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். எட்டிப் பார்த்தேன். புதினா தெரிந்தது.

அவர் பொறுமையாக விளக்கினார். ஒட்டை மண்ணால் மூடினால் மேலே உள்ள கிளை தானே வேர் விட்டுவிடுமாம். நான் ஏழு மாதம் தேடிய ஒன்பதாம் இலக்கத்துக்கு இப்போது அங்கே வேலையே இல்லை.

"அப்படியென்றால் எவ்வளவு உயரம் போகும்?"

"இருபதடி. கூடவும் போகலாம்."

ஏனோ நன்றி சொல்லி வைத்தேன். யன்னலால் பார்த்தால் மரத்தின் கீழே இரண்டு சப்பாத்து மட்டும் கிடந்தன.

ஓடினேன். ஒன்பது வயது மகள் வேலிக்கு மேலே ஒரு கொப்பில் இருந்து பழம் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கு பிள்ளை, விழப்போறாய்!"

"நான் விழேல்லை அம்மா. ஐ ஆம் ஜஸ்ற் சிற்றிங்."

கராஜில் இருந்த ஏணியை இழுத்துச் சாத்தி ஏறினேன். ஏழாவது படியில், செய்யக்கூடாத வேலையாகக் கீழே பார்த்தேன். பதினாலாம் மாடியே தெரிந்தது. மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். மகள் கொப்புக் கொப்பாக என்னைத் தாண்டி இறங்கிப்போய் ஏணியைப் பிடித்தாள்.

"அம்மா, டோன்ற் லுக் டவுண். லெவ்ற் கால் முதல். இல்லை, மற்ற லெவ்ற்."

சத்தம் கேட்டு வந்த கணவர் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"எட்டடி தாண்டியிட்டீர் போல கிடக்கு."

"பகிடியை விட்டுட்டுப் பிடியுங்கோ!"

கடைசியில் என் கால் பதிந்தது புதினாவுக்குள். இரண்டு நாள் என் சப்பாத்தில் சம்பல் மணந்தது.

அந்த நவம்பரில் மண் வாங்கவில்லை. ஏணியைக் கராஜுக்குள் கொண்டுபோய், யாரும் எடுக்காதபடி உடுப்புக் கொழுவும் கம்பியால் சுவரோடு சுற்றிக் கட்டினேன். கடைசி முறுக்கைப் போடும்போதுதான், மகளுக்கு ஏணி தேவைப்படவில்லை என்பது நினைவுக்கு வந்தது.