ரோசலினம்மா அவிழ்த்த கயிறு

மாதவரம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது செய்தி வந்தது. ரோசலினம்மாவின் மகள் பேசினார். "காலைல டீ குடிச்சிக்கினு இருந்தாங்க சார், அப்டியே சாஞ்சுட்டாங்க." நான் ஏற வேண்டிய பேருந்து வந்து, நின்று, போயிற்று. அடுத்ததிலும் ஏறவில்லை.

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த அவர், கால்வாய்களில் ஆகாயத்தாமரை அள்ளும் பன்னிரண்டு பேருக்கு மேஸ்திரி. அந்த வேலையை மேற்பார்வை பார்த்த பொறியாளர் நான். வயதில் இருவரும் ஏறக்குறைய ஒன்றுதான், வாய்ப்பேச்சில் அவர் ரொம்ப மூத்தவர். அவரோடு வேலை செய்த உங்களில் பலருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் உங்களுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சடையங்குப்பத்தில் முதல் நாள், கால்வாய் முழுக்கப் பூத்திருந்த ஊதாப் பூக்களைக் கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே அவர் ஒரு செடியைப் பிடுங்கி நீட்டினார். அதன் தண்டில் குட்டிச் செடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. "தாயும் புள்ளையுமா கீது பாருங்க சார். ஒரு துண்ட வுட்டுட்டுப் போனா, அடுத்த மாசம் நம்மளத் தேடிக்கினு வரும்." இயந்திரம் அள்ளிய இடத்தில் மிதக்கும் துணுக்குகளைக் கொசுவலையால் அரித்து எடுக்கும்வரை யாரையும் சாப்பாட்டுக்கு விடமாட்டார். எனக்கும் அதே சட்டம்தான்.

கரையில் குவிப்பதிலும் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. செடியைத் தலைகீழாகப் போட வேண்டும். "வேரு வெயில பாக்கணும்" என்பார். வேர் ஈரச் சேற்றில் பட்டால் செடி அங்கேயே பிழைத்துக்கொள்ளும், ஒரு மழைக்கு மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கிவிடும். நான் முதலில் சிரித்தேன். திருப்பிப் போடாத ஒரு குவியல் சில நாளில் பூத்து நின்றபோது சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

கோடையில் கடல் உப்பு கால்வாய்க்குள் ஏறி, இலை ஓரம் கருகி, பாதிச் செடி தானாகவே செத்துப்போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர் அவர். சித்திரையிலும் மழை கொட்ட ஆரம்பித்த பிறகு உப்பு ஏறவில்லை. வெயிலும் கூடிப்போய், செடி முன்னைவிட வேகமாக மண்டியது. "மழைக்குக் காலண்டர் மறந்துபோச்சு சார். நாமதான் இன்னும் தேதி கிழிச்சிக்கினு கீறோம்" என்றார் ஒருநாள். அதிலிருந்து மாதத்தைப் பார்க்காமல் இலை ஓரத்தைப் பார்த்து வேலைநாள் குறித்தோம்.

இனி நான் சொல்ல வந்தது. ஒரு ஐப்பசியில் சடையங்குப்பத்துப் பாலத்தடியில் செடி மெத்தையாக அடைத்துக்கொண்டது. அள்ளி முடிக்கும்வரை அது நகராமல் இருக்கக் குறுக்கே கயிறு கட்டியிருந்தோம். பெருமழை வரப்போகிறது என்று அறிவிப்பு. அடைப்பு நீங்காவிட்டால் தண்ணீர் வீடுகளுக்குள் போகும். இரவு பகலாகக் கரையேற்றிவிடலாம், இன்னும் இரண்டு இயந்திரம் கேளுங்கள் என்றார் அவர். எனக்குப் பொறுமை இல்லை. கடல் ஓதம் வற்றி இறங்கும் நேரத்தில் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், கடலுக்குப் போய் உப்பில் செத்துவிடும் என்றேன். முகத்துவாரத்தில் நெட்டுக்குப்பத்து மீனவர்கள் இறாலுக்குக் கம்பு நட்டு வலை கட்டியிருப்பார்கள் என்று அவர் எச்சரித்தார். நான் குரலை உயர்த்தினேன். அவர் போய் அவிழ்த்தார்.

சடையங்குப்பம் நனையவில்லை. ஆனால் அத்தனை செடியும் நெட்டுக்குப்பத்து வலைகளில் போய் மோதி, கம்புகளைப் பிடுங்கி, வலைகளைக் கிழித்துப் போட்டது. மழைத் தண்ணீரில் உப்பு இல்லாததால் சாகவும் இல்லை, பச்சைப் பசேல் என்று கிடந்தது. நெட்டுக்குப்பத்து ஊர்க்கூட்டத்தில் கயிற்றை அவிழ்த்தது யார் என்று கேட்டார்கள். கையில் கோப்போடு நான் நின்றிருந்தேன்.

"நான்தான் அவுத்தேன்" என்றார் ரோசலினம்மா. நான் வாய் திறக்கவில்லை.

மறுநாளே தன் ஆட்களோடு போய், கடைசிச் செடி வரும்வரை அந்த வலைகளிலிருந்து பிய்த்தெடுத்தார். அப்படியும் அந்தக் கரையில் யாரும் அதன்பின் அவருக்கு இறால் விற்கவில்லை, முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "உங்களத் தூக்கிட்டா வேற ஒருத்தரு வருவாரு. அவுருக்கு மறுபடியும் மொதல்லேர்ந்து வேரக் காட்டணும். என்னால ஆவாது சார்." சொல்லிவிட்டுத் துணுக்கு அரிக்கப் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடே அவரோடு இத்தனை வருடம் வேலை செய்தேன்.

அடக்கத்தன்று கோயில் வாசலில் நெட்டுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். "எங்க வலைய அறுத்த அம்மாதான். இருந்தாலும் மனசு கேக்கல, வந்துட்டேன்" என்றார். அப்போதும் நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

இன்றும் கரையில் ஒரு குவியலைக் கண்டால் வேர் மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். இல்லையென்றால் குனிந்து திருப்பிப் போடுகிறேன். அவரிடமிருந்து என்னோடு தங்கிவிட்ட பழக்கம் அது.

அவருடைய முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு நெட்டுக்குப்பத்துக்குப் போவேன். கயிற்றை அவிழ்க்கச் சொன்னது நான். அவர் வேண்டாம் என்றார்.